சமையலறைப் படி

மில்களுக்குச் சரக்கு ரயில் போன பழைய பாதைகளில் மிச்சம் எங்கே கிடக்கிறது என்று தேடி, வரைபடத்தில் குறிப்பது என் வேலை. அந்த ரயில்கள் நான் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டன. மாவு மில் சுவரில் ஒரு துண்டு இருக்கிறது, சைக்கிள் கடைத் தரையில் இன்னொன்று. எல்லாம் துரு. சக்கரம் ஓடாத தண்டவாளம் துருப்பிடிக்கும். எங்கள் வாடகை வீட்டில் சமையலறைப் படியாகக் கிடக்கும் துண்டு மட்டும் பளபளக்கிறது.

என் மனைவி அந்தப் படியில்தான் கிடந்தாள். இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே துண்டாகியிருந்தன. அப்படி வெட்டக்கூடிய எதுவும் வீட்டில் இல்லை என்று போலீஸ் என்னை விட்டுவிட்டது. மாமியார் விடவில்லை. உண்மையை என் வாயால் வரவழைக்க, என்னோடே வந்து தங்கிவிட்டார்.

“சமையல்கட்டுல ரயில் ஓடுச்சாம்! யாருக்கு மாப்பிள்ளை காது குத்துறீங்க? எம்பொண்ணத் தின்னுட்டு எப்படித்தான் உங்களுக்குச் சோறு எறங்குதோ.”

இறங்குகிறது. இன்று மதியமும் படிக்கு அருகில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பொய்யன் என்று காட்டுவதற்காகவே அவர் வழக்கம்போல் படியில் தலைவைத்துப் படுத்தார்.

“நேத்தும் இங்கதான் படுத்தேன். சிக்னல் விழலையோ?”

கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் அலமாரியில் பாத்திரங்கள் கடகடத்தன. சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

“அந்தப் பூனைய விரட்டுங்க மாப்பிள்ளை.”

“பூனை இல்ல அத்தை. தூங்குங்க.”

படிக்கு மேல் நீட்டியிருந்த என் கால்களை மட்டும் மடக்கிக்கொண்டேன்.