அந்தப் பொண்ணுக்கு ஒரு ஓட்டு

“அப்பாகிட்ட எப்பதான் கேக்கப் போறே?” என்று எதிர்வீட்டு டீச்சரக்கா ஒருநாள் அவளிடம் கேட்டாள். அக்கா நடத்தப்போகும் மாலை வகுப்பில் சேர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இன்று வகுப்பு தொடங்குகிறது. அவளுக்கு இன்னும் நா எழவில்லை.

வீட்டு முன்னறைதான் தையல் கடை. அப்பா அங்கே டிவி முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டுப் போட்டியில் ஒரு பெண் தன் சோகக் கதையைச் சொல்ல, நடுவரம்மா மேக்கப் கலையாமல் அழுதார். அழுகைக்குப் பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

“படிக்கவே விடலையாம் அந்தப் பொண்ணை. இவனெல்லாம் ஒரு அப்பன்.”

அவள் மெஷினை நிறுத்தினாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“அப்பா, நானும்...”

“சும்மா இரு, விளம்பரம் வரட்டும். அவ அப்பன்கிட்ட கேக்கவே இல்லையாம், தெரியுமா? கேட்டா விட்டுடுவானா அந்த ஆளு? செருப்பை மாட்டிக்கிட்டு நேரா கிளம்பி வந்துட்டாளாம். அதுதான் பொண்ணு. நீயும் இருக்கியே, பிடிச்சு வெச்ச பொம்மை மாதிரி.”

செல்போனை அவள் மடியில் போட்டார்.

“அவளுக்கு ஒரு ஓட்டுப் போட்டுட்டு, அந்தச் சட்டைக்குப் பட்டன் வை.”

ஒன்பதாவதோடு அவள் படிப்பை நிறுத்தி, இந்த மெஷினில் உட்கார வைத்த அப்பா, மறுபடியும் மூக்கைச் சிந்தினார்.

அவள் ஓட்டுப் போட்டாள். பட்டன் வைக்காத சட்டையின் மேல் செல்போனை வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, நேராக எதிர்வீட்டுக்குக் கிளம்பினாள்.