நாக்குக்குக் கீழே

மாத்திரை நாக்குக்குக் கீழே கசக்கத் தொடங்கியிருந்தது. சோதனை மேசைக்குப் போக எனக்கு முந்தி இரண்டே பேர்.

சிறை மருத்துவமனையில் காலை வழக்கம் இது. ஜன்னலில் கம்பவுண்டர் மாத்திரையும் ஒரு மடக்குத் தண்ணீரும் தருவார். நாலடி தள்ளி இருக்கும் மேசையில் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, விழுங்கிவிட்டதைக் காட்ட வேண்டும்.

என்னுடையது வலிப்பு மாத்திரை. வலிப்பு இல்லாதவன் போட்டால் சுகமாகக் கிறங்கலாம். அதனால் அது தினமும் என் வாய் வழியாகப் பெரியப்பாவுக்குப் போகிறது. பெரியப்பா எங்கள் பிளாக்கில் போதை விற்பவர். யாருக்கும் சொந்தமில்லை. அதை அவரிடம் சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

ஐந்து மாதத்தில் ஒரே ஒரு நாள் விழுங்கிப் பார்த்தேன். அன்று அவர் ஆட்கள் உடைத்த இரண்டு விரல்கள் இன்னும் நேராகவில்லை.

போன வாரம் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். தலையில் ஏழு தையல், நாக்கின் ஓரம் கிழிந்துவிட்டது. இன்னொரு தடவை வந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

விடுதலைக்கு இன்னும் பத்தொன்பது நாள். என் மகள் காலண்டரில் தேதிகளை அடித்துக்கொண்டு வருகிறாள். போனில் அதைச் சொல்லும்போது ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பை நேரில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஈரத் தரையில் வாயில் நுரையோடு சாக எனக்கு இஷ்டமில்லை.

டார்ச் அடித்து வாயைப் பார்க்கும் காவலர் பெரியப்பாவின் ஆள். வாய்க்குள் யானையே நின்றாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. நேற்று என்னைப் பார்த்து அனுப்பிய கையோடு அவர் விடுப்பில் போய்விட்டார். அவர் இடத்தில் சிஸ்டர், இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்.

நேற்று எனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவர் பிரஷர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கியிருந்தார். சிஸ்டர் விடவில்லை. துப்பச் சொல்லி, தூளாக்கி, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார். கிழவரின் மருந்து அட்டையில் 'இனித் தூளாக்கியே கொடுக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதினார்.

அதிலிருந்து என் மண்டையில் ஓடுவது அந்தச் சிவப்பு வரிதான். தூளை வாயில் ஒளிக்க முடியாது. பெரியப்பாவும் கேட்க முடியாது. நானாகப் போய் உதவி கேட்டால் காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவேன். மாட்டிக்கொண்டால் வெறும் மடையன். மடையனுக்கு அடி கொஞ்சம் குறைவு.

என் முறை வந்தது.

வாயை ஆவென்று திறந்தேன். நாக்கை மடித்துத் தூக்கியதில் புண் விரிந்து கண்ணில் நீர் வந்தது. மாத்திரை வெளிச்சத்துக்கு நேராக இருக்கும்படி முகத்தையும் திருப்பிக் கொடுத்தேன். பாரம்மா, நல்லாப் பாரு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

சிஸ்டர் மாத்திரையைப் பார்த்தார். கிழிந்த நாக்கையும் தலைத் தையலையும் பார்த்தார். அவர் முகம் இளகியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து, மற்றவர் காதில் விழாதபடி சொன்னார்.

"சீக்கிரம் போங்கண்ணே. கரையறதுக்குள்ள பெரியப்பாகிட்ட குடுத்துடுங்க."