நடுக்கம்

மலையோட்டத்தின் கடைசி ஏற்றத்தில், மழைக்குளிரில் வெடவெடத்துக்கொண்டே வந்த சகாயம் திடீரென நின்று சட்டையைக் கழற்றினான். "வேர்க்குதுடா," என்றான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. முன்னால் ஓடிய நண்பர்கள் முகிலனும் பாரியும் திரும்பினார்கள். உச்சிக்கு அரை கிலோமீட்டர்தான். எட்டு மாதப் பயிற்சி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் முகிலன் அவனைத் தொட்டுப் பார்த்தான். "நடுக்கம் நின்னுபோச்சு. குளிர்கிட்ட உடம்பு தோத்துட்டு இருக்குடா, அதான் வேர்க்குதுங்கிறான்." பையிலிருந்த உலர்ந்த பனியனை மாட்டிவிட்டு, பாறை மறைவில் இருவரும் அவனை நடுவில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க ஓடுங்கடா," என்று சகாயம் குழறினான். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். வெகுநேரம் கழித்து அவன் முதுகு லேசாக உதறியது, பிறகு உடம்பெல்லாம். "நடுங்குறான்டா!" என்று பாரி கத்தினான். அவன் குரல் உடைந்திருந்தது.