பகலில் எரியும் விளக்கு

ஏலக்காய்த் தோட்ட மேனேஜர் தனசேகரன் வைத்திருந்த பாக்கி ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். வண்டன்மேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ராக்கப்பன் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்த நேரத்தில், அவரே புதுக் காரோடு வந்து நின்றார்.

“ராக்கப்பா, ஹெட்லைட்டை அணைச்சாலும் முன்னாடி இந்த ரெண்டு வெள்ளை லைட்டு பகல் பூரா எரியுதுப்பா. இதை நிறுத்து. பழைய பாக்கியையும் சேர்த்து இப்பவே தாரேன்.”

“அது ரிப்பேர் இல்ல சார். வண்டி வாறது தூரத்துலயே தெரியணும்னு கம்பெனியே வச்சது.”

“அதாம்ப்பா வம்பே! ஏலக்காட்டுல காய் எடுக்குற பொம்பளைக உக்காந்து கதை பேசுறதைக் கையும் களவுமாப் பிடிச்சு அரைச் சம்பளத்தை வெட்டணும். நான் வளைவு திரும்பும்போதே லைட்டைப் பாத்துட்டு எல்லாரும் வேலையில குனிஞ்சிருதாளுக.”

ராக்கப்பன் பானட்டைத் திறந்து ஒரு மணி நேரம் குடைந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

“முடியாது சார். இதை அணைச்சா ஹெட்லைட்டும் போயிரும். பனிமூட்டத்துல பள்ளத்துல இறங்கிருவீக.”

“நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!” பத்துப் பைசா தராமல் மேனேஜர் காட்டுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் அதே ஏலக்காட்டில் வேலை முடிந்து வந்த மனைவி சின்னத்தாய், கூடையை இறக்கும் முன்பே சிரித்தாள்.

“மேனேஜர் வண்டி லைட்டு இன்னைக்கு வளைவுக்கு முந்தி பாலத்துலயே பளிச்சுனு தெரிஞ்சுதுங்க. டீயைக் குடிச்சு முடிச்சிட்டு நிதானமா எந்திரிச்சோம்.”

“நான்தான் நல்லாத் துடைச்சு விட்டேன். ஒரு வயரைக் கழட்டியிருந்தா அணைஞ்சிருக்கும், பாக்கியும் வந்திருக்கும். ஆனா உன் சம்பளத்துல வெட்டியே அதைத் திருப்பி எடுத்திருப்பான்.”

ராக்கப்பன் நோட்டைத் திறந்து, மேனேஜர் கணக்கைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.