எலெக்ட்ரிக் கார்

கண்ணாடி இறங்கியது. ஏறியது. மறுபடியும் இறங்கியது.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. இது காசு கொடுத்து வாங்குகிற கார். பொத்தானை இன்னொரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தியாகராசா கீழே இறங்கினார்.

“எனக்கு ஆரோ குழி பறிக்கினம், பிள்ளை,” என்று மகள் மீனலோசனியின் காதில் முணுமுணுத்தார். அவர்கள் அந்தக் கார் ஷோரூமுக்கு வந்தது அது ஏழாவது சனிக்கிழமை.

தியாகராசா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அவருக்குத்தான் முதல் திருநீறு. தப்பித் தவறி இரண்டாவதாக வந்தால் அன்று அவருக்குத் தலைவலி. மீனலோசனிக்குக் கிள்ளானில் ஒரு டாக்டர் மாப்பிள்ளையைப் பேசியிருந்தார். டாக்டரின் தாயார் கேட்டது ஒன்றே ஒன்று: புதுக் கார். அதுவும் அப்போதுதான் புதிதாக வந்திருந்த எலெக்ட்ரிக் கண்ணாடி வைத்த கார்.

தாயார் சொன்ன ‘எலெக்ட்ரிக் கண்ணாடி வைத்த கார்’, தியாகராசாவின் வாயில் இரண்டு தெரு தாண்டுவதற்குள் ‘எலெக்ட்ரிக் கார்’ ஆகிவிட்டது. “மருமகனுக்கு எலெக்ட்ரிக் கார் எடுக்கிறன்” என்று கோயிலில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். “அப்ப பெற்றோல் தேவையில்லையோ?” என்று ஒருவர் கேட்டபோது, “அதுவும் கொஞ்சம் ஊத்தத்தான் வேணும்” என்று பேச்சை மாற்றினார்.

மாதக் கடைசிக்குள் கார் வாசலில் நிற்காவிட்டால் சம்பந்தம் கைநழுவிவிடும். கோயிலில் முதல் திருநீற்றுக்கு அவரோடு போட்டி போடும் சிவசம்பு வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறாள்.

ஆனால், கோப்பு எழுதாமல் ஒரு குண்டூசி வாங்கிப் பழகாதவர் தியாகராசா. நீளத் தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘சாதகம்’, வலப்பக்கம் ‘பாதகம்’ என்று தலைப்பிட்டு மகளிடம் கொடுத்திருந்தார். கலியாணத்துக்குச் சாதகம் பொருந்திவிட்டது, காருக்குத்தான் பொருந்தவில்லை.

“எழுது பிள்ளை. சாதகம் ஒண்டு. ஆப்பரேஷன் செய்யிற கை, கைப்பிடி சுத்திக் கண்ணாடி இறக்கப்படாது. சாதகம் ரெண்டு. கோயில் வாசல்லை கண்ணாடி தானா இறங்கும். சிவசம்பு பாப்பான்.”

காரை விற்கவேண்டிய விஜயன் பின்னந்தலையைச் சொறிந்தான். தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஏதோ ரப்பர்த் தோட்டத்துப் பையன். கழுத்தில் டை, காலில் பளபளக்கும் சப்பாத்து.

“அதெல்லாம் சரிதான் அங்கிள். ஆனா வெள்ளத்துல மாட்டிக்கிட்டா கண்ணாடி எறங்காது லா. மோட்டர் போச்சுன்னா சாமான் ஜப்பான்லேர்ந்து வரணும். எறங்கின கண்ணாடி ஏறாம ரெண்டு மாசம் மழை உள்ளதான் பெய்யும்.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் மீனலோசனி பாதகத்தின் கீழ் எழுதி முடித்திருந்தாள். தியாகராசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சுருக்கெழுத்தில் நிமிடத்துக்கு நூற்றிருபது சொல். படிக்கவைத்த காசு வீண்போகவில்லை.

வாரா வாரம் பாதகமே ஒரு வரி கூடி ஜெயித்தது. “அவசரம் வேணாம் அங்கிள், அடுத்த சனிக்கிழமை வாங்க” என்று விஜயன் தேநீர் கொடுத்து அனுப்புவான். விற்கிறவனே குறை சொல்கிறானே, என்ன நேர்மை என்று ஆறு வாரம் மெய்சிலிர்த்தார் தியாகராசா.

நேற்றுக் கலியாணத் தரகர் ஒரு சேதி கொண்டுவந்தார். சிவசம்பு பழத்தட்டோடு கிள்ளானுக்குப் போய் வந்துவிட்டாராம். அப்போதுதான் தியாகராசாவின் நெற்றிப்பொட்டில் அடித்தாற்போல் உறைத்தது: கார் விற்கிறவன் நேர்மையாக இருந்ததாகச் சரித்திரம் உண்டா?

“சிவசம்பு உமக்கு எவ்வளவு தந்தவன்?” என்றார் திடீரென்று.

“யாரு அங்கிள் அது?”

“நடிக்காதையும் காணும்! ஏழு கிழமையா உம்மடை தேத்தண்ணியைக் குடிச்சு, நல்ல பெடியன், நல்ல பெடியன் எண்டு கோயில் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன். முப்பத்திரண்டு வருஷ சேர்விஸிலை என்னை ஒருத்தன் ஏமாத்தினதில்லை. நீர் ஏமாத்திப்போட்டீர்!”

“சத்தியமா அவர எனக்குத் தெரியாது அங்கிள்.”

“அப்ப ஏன் காணும் காரை விக்கமாட்டன் எண்டு நிக்கிறீர்?”

மீனலோசனி பேனாவை மூடினாள். “போதும் அப்பா. கார் வேண்டாம்.”

“நீயுமோ?” தியாகராசா நிமிர்ந்தார். பெற்ற பெண்ணே எதிர்க்கட்சியில் போய் நின்றால் மனிதன் யாரை நம்புவது? “வேண்டாமெண்டு சொல்ல நீ ஆர்? கார் உனக்கில்லை, மருமகனுக்கு!”

காசோலைப் புத்தகத்தை எடுத்துக் காரின் மூக்கில் அறைந்தார். ஷோரூமில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. தலைமைக் குமாஸ்தாவின் பழைய குரல் கூரையில் போய் முட்டியது.

“கார் வேண்டாமெண்டு என்ரை மருமகன் தன்ரை வாயாலை சொல்லட்டும். அப்ப விடுறன்!”

விஜயன் டையைச் சரிசெய்துகொண்டு மீனலோசனியைப் பார்த்தான். அவள் மெல்லத் தலையசைத்தாள்.

“கார் வேணாம், மாமா.”