வெள்ளிக்கிழமை மீன்

"இந்த வெள்ளியும் அந்தாளிட்டைப் பேச்சு வாங்கவோ அக்கா போறியள்?"

தொலைபேசியில் கிறேஸ் சிரித்தாள். அக்னெஸ் போகும் அதே தேவாலயத்துக்குப் போகிற சிநேகிதி அவள். வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

"ஓம், போறன். இண்டைக்கு என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்," என்றாள் அக்னெஸ், மீன் பையை எடுத்துக்கொண்டே.

"கலியாண வீடுகளுக்கெல்லாம் சமைச்சுக் குடுத்த கை அக்கா உங்கடை. மிளகாயும் இல்லாத, புளியும் இல்லாத ஒரு மீனை அவிக்கத் தெரியாதெண்டு ஒரு கிழவன் குறை சொல்லுறார். தவக்காலத்திலை செய்யிற பரிகாரமோ இது? உங்களுக்கு மானம் ரோசம் இல்லையோ?"

"அதை நான் மன்னாரிலையே விட்டிட்டு வந்திட்டன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள் அக்னெஸ்.

பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அவள் தனியாக இருந்தாள். கணவன் கண்ணை மூடிவிட்டார். மகன் றஜிந்தன் பக்கத்து நகரமான லவாலில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். எப்போதாவது பேசினால், "பேந்து எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவான். அவனுடைய அந்தப் 'பிறகு' வருவதற்குள் வெளியே பனி கொட்டி உருகி மறுபடி கொட்டத் தொடங்கிவிடும். கிழமை முழுக்கத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்துபோகும்.

முதல் மாடியில் ஒகினோ இருந்தார். ஜப்பான்காரர், எண்பதை நெருங்கியவர், மனைவியைப் பறிகொடுத்தவர். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் படிக்கட்டில் அக்னெஸ் கையிலிருந்த மீன் பையைப் பார்த்து நின்றார். தன் மனைவி சோயாவும் சீனியும் விட்டு மீன் அவிப்பாள் என்றும், செய்முறை தனக்கு மனப்பாடம், கைதான் நடுங்குகிறது என்றும் உடைந்த பிரெஞ்சில் சொன்னார்.

"வெள்ளிக்கிழமைகளில் வாருங்கள், மதாம். நான் சொல்லித்தருகிறேன். சரியாக வந்ததும் பாடம் முடிந்துவிடும். பிறகு நீங்கள் உங்கள் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடலாம்."

வெள்ளியில் இறைச்சி தொடாத அக்னெசுக்கு அது தோதாகத்தான் பட்டது. அவளுடைய பிரெஞ்சும் அவருடையதைப் போலவே நொண்டியடிக்கும் என்பதால் கூச்சமும் இல்லை.

பனிக்காலமே முடியப்போகிறது. பாடம் மட்டும் முடிந்தபாடில்லை.

இன்றைக்குக் கதவைத் திறந்தது ஒகினோவின் மகள் செலீன். வன்கூவரிலிருந்து நேற்று வந்தாளாம். அக்னெஸ் சமைப்பதைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீன் துண்டுகளின்மேல் கொதிநீரை ஊற்றி வெடுக்கு மணத்தை எடுத்தாள் அக்னெஸ். சட்டியில் சோயா, சீனி, அரிசி மது, இஞ்சிச் சீவல் எல்லாம் கொதித்ததும் துண்டுகளைத் தோல் மேலே தெரியும்படி பரப்பினாள். சட்டியின் வாயைவிடச் சின்னதான மர மூடியை மீனின்மேலேயே படிய வைத்தாள். கரண்டி போட்டுக் கிண்டாமல், சட்டியைப் பிடித்து மெல்ல ஆட்டினாள். மீனை உடையாமல் அவிக்க அவளுக்கு ஜப்பானிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை.

மூவரும் மேசையில் இருந்தார்கள். செலீன் ஒரு வாய் வைத்ததுமே நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். அவர் குச்சிகளால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அக்னெஸ் சாப்பிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிப்புக் கூடிவிட்டது," என்றார் ஒகினோ. "இஞ்சி போதாது. அடுத்த வெள்ளி மறுபடி செய்து பார்ப்போம், மதாம்."

அக்னெஸ் மூச்சை விட்டாள். "சரி முசியே. அடுத்த வெள்ளி பாப்பம்."

பிறகு பேச்சு நீண்டது. அவர் மனைவியோடு முதன்முதலாகப் பனியில் சறுக்கி விழுந்த கதையைச் சொன்னார். முன்பும் சொன்ன கதைதான், இருந்தாலும் அவள் சிரித்தாள். அவள் தன் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். சட்டியில் ஒரு முள்கூட மிஞ்சவில்லை.

கிழவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். அக்னெஸ் பாத்திரம் கழுவப் போனாள். செலீன் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மதாம், நீங்கள் கோபிக்கக்கூடாது. இந்த மீன் அச்சொட்டாக என் அம்மா சமைத்தது போலவே இருக்கிறது. ஒரு குறையும் இல்லை. அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. வைத்தியத்தில் ஆள் தப்பினார், நாக்கில் ருசி போய்விட்டது. உப்பும் தெரியாது, சீனியும் தெரியாது. சரி என்று சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று பயந்து பனிக்காலம் முழுக்க உங்களை ஏமாற்றியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்றைக்கே அவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்க வைக்கிறேன்."

அக்னெஸ் சோப்பு நுரையோடு அவள் கையைப் பிடித்தாள்.

"ஐயோ பிள்ளை, ஒண்டும் கதைச்சுப் போடாதேங்கோ! மூண்டாம் வெள்ளியே எனக்குத் தெரியும். கடையிலை மீனோடை வாங்கின பழப்புளியைக் கைப்பழக்கத்திலை கரைச்சு ஊத்திப்போட்டன். வாயிலை வைக்கேலாத புளிப்பு. அண்டைக்கும் உங்கடை அப்பா இனிப்புக் கூட எண்டுதான் சொன்னவர். எனக்குத் தெரியும் எண்டு அறிஞ்சா வெக்கத்திலை பாடம் முடிஞ்சுது எண்டு சொல்லிப்போடுவார். பேந்து நான் ஆரோடை இருந்து சாப்பிடுறது?"