மஞ்சள் கதவு

"ஏளா ஜெனோவா, இது அடுப்பங்கரையா, இல்ல திரேஸ்புரம் கடக்கரையில நிக்கிற வள்ளமா?"

கோயம்புத்தூரிலிருந்து மகளோடு ராத்திரி பஸ் ஏறி, காலையில் தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்கு வந்த பிலோமினா, பையைக் கீழே வைப்பதற்கு முன்பே தம்பி பெண்டாட்டியிடம் கேட்ட கேள்வி இது.

கேட்டதில் தப்பும் சொல்ல முடியாது. அலமாரிக் கதவு ஒன்று சிவப்பு. பக்கத்தில் நீலம். அதற்கடுத்தது பளீர் மஞ்சள். கீழ்வரிசையில் பச்சையும் ஆரஞ்சும். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

"உங்க தம்பி வள்ளத்துக்கு அடிச்ச பெயின்ட் மிச்சம் கிடந்துச்சு மைனி," என்றாள் ஜெனோவா, தலையைக் குனிந்துகொண்டு. "பழைய கதவுல்லா, உப்புக்காத்துல பூராம் பொரிஞ்சு போச்சு. புதுசா மாத்தணும்னா செலவு. அதான் நானே அடிச்சுட்டேன்."

"மிச்சம் பிடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? சாயங்காலம் பொண்ணு பாக்க வாராவ. இதப் பாத்தா சிரிக்க மாட்டாவளா?"

மாப்பிள்ளை வீடு தூத்துக்குடிதான். அதனால் மகளை இங்கேயே வந்து பார்க்கட்டும் என்று சொன்னவள் பிலோமினா. ஏன் சொன்னோம் என்று இப்போது இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காமல் போவாளா? நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

அம்மா மட்டும் அந்தப் பேச்சுக்கே வரவில்லை. பிலோமினாவின் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மெலிஞ்சு போயிட்டியே மக்கா," என்றாள். அப்புறம் சித்தியைக் கூட்டிவர, தம்பியின் பைக்கில் ஏறி மாப்பிள்ளையூரணிக்குப் போய்விட்டாள்.

பிலோமினா சும்மா இருக்கிற ஆள் இல்லை. கடைத்தெருவுக்குப் போய் வெள்ளை மார்பிள் டிசைன் ஸ்டிக்கர் ரோலோடு திரும்பினாள்.

"மாடுலர் கிச்சன் போடத்தான் நமக்கு வழியில்ல. இதையாவது ஒட்டுவோம். பாக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?"

ஜெனோவா பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"மைனி, எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்காண்டாமே. அந்த மஞ்சளை மட்டுமாவது விட்டுருவோம்."

"ஏன், அது என்ன கோயில் கொடியா?"

"இல்ல, மாமிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எங்க அம்மாவப் பத்தி நீ எனக்குச் சொல்லப் போறியா?"

ஜெனோவா ஸ்டிக்கரின் அந்த ஓரத்தைப் பிடித்தாள்.

பிலோமினாவே பழைய துணியால் காற்றுக் குமிழைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டினாள். முடித்தபோது அடுப்பங்கரை முழுக்க வெள்ளை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

"இப்பதான் கண்ணுக்கு நல்லா இருக்கு. நீ போய் வாரவங்களுக்குத் தின்னக் குடுக்க மக்ரூன் வாங்கிட்டு வா."

"மாமி வந்துரட்டும் மைனி. வந்ததும் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துருதேன்."

"அம்மா என்ன பச்சப்பிள்ளையா? இப்பவே போ."

வேறு வழியில்லாமல் ஜெனோவா கிளம்பினாள். அவள் அந்தப் பக்கம் போகவும், அம்மாவும் சித்தியும் வந்து இறங்கவும், பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"பேத்தியப் பாக்க வந்தவங்களுக்கு என் கையாலதான் கருப்பட்டிக் காப்பி," என்று சொல்லிக்கொண்டே அம்மா நேராக அடுப்பங்கரைக்குப் போனாள்.

பேச்சு நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளையின் வேலை, மகளின் படிப்பு, கோயம்புத்தூர்த் தண்ணீர். எல்லாம் தீர்ந்து மழை பெய்யுமா பெய்யாதா என்பதுவரை வந்தாயிற்று. காப்பி மட்டும் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிலோமினாவுக்கு மானம் போயிற்று. ஜெனோவா பின்வாசல் வழியாக வந்து, அம்மாவைப் பேச்சில் பிடித்து வைத்திருப்பாள். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று எழுந்து உள்ளே போனாள்.

ஜெனோவா இன்னும் வரவில்லை. அடுப்பில் தண்ணீர் சுண்டிப்போயிருந்தது. அம்மா வெள்ளைக் கதவுகளுக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து ஒவ்வொரு கதவாகத் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்றைத் திறந்தாள். ஒரு டப்பாவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். திரும்ப வைத்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"ஏளா ஜெனோவா, வந்துட்டியா?"

பிலோமினாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"மஞ்சக் கதவக் காணலியே ளா. செவப்பு, நீலம் ஒண்ணையும் காணல. எல்லாம் ஒரே வெள்ளையால்லா தெரியுது. கருப்பட்டி டப்பா எதுக்குள்ள இருக்கு?"

காலையில் அம்மா தன் முகத்தைத் தடவியது ஏன் என்று பிலோமினாவுக்கு இப்போது புரிந்தது. அம்மாவுக்கு மிச்சமிருந்த வெளிச்சத்தையும் தேய்த்துத் தேய்த்து மூடியது அவள் கைதான்.

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பேசாமல் ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். அவளுக்கும் எந்தக் கதவென்று தெரியவில்லை. கடைசியில் டப்பாவைக் கண்டுபிடித்து அம்மா கையில் வைத்தாள்.

அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"காலையில அவ ஏசுனத மனசுல வச்சுக்கிடாத ளா. எனக்குக் கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா, பிலோமினா தாங்க மாட்டா."